கராச்சியின் கழிப்பறையை யார் கழுவுவது?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மீது ஒன்று குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடும். 2021இல் இருந்து ஒன்றிய அரசு ஆகஸ்ட் 14ஐப் பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. வருடத்தில் 365 நாட்கள் இருக்க, பாகிஸ்தானின் விடுதலை நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. ஜின்னாவும் முஸ்லிம் லீக்கும் நாட்டைத் துண்டாடினார்கள், காங்கிரஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது, இந்துக்களும் சீக்கியர்களும் ரத்தம் சிந்தினார்கள் என்பது இந்தப் பக்கத்துக் கதை. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. இந்துப் பெரும்பான்மையின் பிடியில் இருந்து தப்ப முஸ்லிம்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, ராட்கிளிப் கோடு இந்தியாவுக்குச் சாதகமாக வளைக்கப்பட்டது, வெட்டுண்ட உடல்களோடு லாகூர் வந்து சேர்ந்த ரயில்களில் இருந்தவர்கள் முஸ்லிம்கள். மூன்றாவது கதை நம்மைப் போன்ற முற்போக்காளர்களுக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைக்காரன் பிரித்தாண்டான், அண்ணன் தம்பிகளாக வாழ்ந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

மூன்று கதையிலும் உண்மை இருக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்தார்கள், பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெண்கள் கடத்தப்பட்டார்கள். இதை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் மூன்று கதையிலும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். சாதி என்ற சொல் இருக்காது. அண்ணன் தம்பி என்கிறார்களே, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் விரட்டப்பட்டவர் அதில் அண்ணனா, தம்பியா?

இந்தியாவா பாகிஸ்தானா என்று கேட்கும்வரை, பிரிவினையில் தலித் மக்களுக்கு நடந்தது எந்தப் பக்கத்துக் கணக்கிலும் ஏறாது. காரணம் எளிது. காஷ்மீருக்காகவும் கஜானாவுக்காகவும் ராணுவத் தளவாடங்களுக்காகவும் சண்டையிட்ட இரண்டு அரசுகளும், மலம் அள்ளுவது யார், நிலம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளில் மட்டும் சண்டையே இல்லாமல் ஒத்துப்போயின.

அத்தியாவசியமான மனிதர்கள்

1947 கடைசியில் சிந்து மாகாணத்து இந்துக்கள் கராச்சித் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். வணிகர்களும் வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் பம்பாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போவதைப் பற்றிப் புதிய அரசுக்குப் பெரிய கவலை இல்லை. விட்டுப்போன வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆள் தயாராக இருந்தது. ஆனால் அந்நகரத்தின் தெருவைக் கூட்டியவர்களும் மலம் அள்ளியவர்களும் கிளம்ப முயன்றபோது அரசு விழித்துக்கொண்டது. துப்புரவுப் பணி அத்தியாவசியப் பணி என்று அறிவிக்கப்பட்டது. அதைச் செய்பவர் நினைத்தவுடன் வெளியேற முடியாது.

கராச்சியில் இந்தியாவின் முதல் உயர் ஆணையராக இருந்த ஸ்ரீ பிரகாசா இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். பிரதமர் லியாகத் அலி கானிடம் அவர் இதுபற்றிக் கேட்டபோது, அவர்களும் போய்விட்டால் கராச்சியின் தெருக்களையும் கழிப்பறைகளையும் யார் சுத்தம் செய்வது என்ற பொருளில் பதில் வந்தது. முஸ்லிம்களுக்கென்று ஒரு தாயகம் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்துக்கள் வேறு தேசம், முஸ்லிம்கள் வேறு தேசம் என்ற கொள்கையின் மீது கட்டப்பட்ட அரசு அது. அந்தக் கொள்கை கழிப்பறை வாசல்வரைதான் செல்லுபடியானது. அதற்குள்ளே வேலை செய்த இந்து மட்டும் பாகிஸ்தானுக்கு இன்றியமையாதவர் ஆகிவிட்டார்.

இந்தச் செய்தி இன்று சங்கப் பரிவாரத்தின் வாட்ஸப் குழுக்களிலும் சுற்றுகிறது. பாகிஸ்தான் தலித்துகளை எப்படி நடத்தியது பாருங்கள் என்று முதலைக் கண்ணீர் வடிக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1947 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையையும் துணைக்கு அழைக்கிறார்கள். பாகிஸ்தானில் சிக்கியிருக்கும் பட்டியல் சாதியினர் இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும், முஸ்லிம் லீக்கை நம்ப வேண்டாம் என்று அண்ணல் அதில் சொன்னது உண்மை. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அங்கேதான் கேள்வி எழுகிறது. மூன்று வாரம் கழித்து, 1947 டிசம்பர் 18 அன்று, அண்ணல் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாகிஸ்தான் அரசு அத்தியாவசியப் பணி என்று சொல்லித் தம் மக்களைத் தடுத்து வைத்திருப்பதை அதில் கண்டிக்கிறார். அதே கடிதத்தில் இந்தியா பக்கத்துக் கதையும் வருகிறது. எல்லை தாண்டி வந்துவிட்ட பட்டியல் சாதி அகதிகளை முகாம் அதிகாரிகள் பாகுபாடாக நடத்துகிறார்கள், அதனால் அவர்களால் முகாம்களில் தங்க முடிவதில்லை, முகாமில் தங்கினால்தான் நிவாரணம் என்பது விதி, ஆகவே உணவும் உடையும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கிழக்கு பஞ்சாபில் நிலவுடைமைச் சாதிகள் அவர்களை மிரட்டி ஒடுக்குவதையும் அண்ணல் சுட்டிக்காட்டுகிறார்.

ஒரே கடிதம், இரண்டு குற்றவாளிகள். இந்துத்துவவாதி முதல் பாதியைப் படித்துக் காட்டுகிறார். சில முற்போக்காளர்கள் அந்த முதல் பாதி சங்கடமாக இருக்கிறது என்று கடிதத்தையே எடுப்பதில்லை. அதை எழுதியவருக்கு இப்படிப்பட்ட சங்கடம் எதுவும் இருக்கவில்லை. தம் மக்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதை அவர் வரிசையாக எழுதினார், அவ்வளவுதான்.

நிலம் இழந்தவருக்குத்தான் நிலம்

அடுத்து பஞ்சாப். மேற்கில் இருந்து ஓடிவந்த இந்து, சீக்கிய உழவர்கள் சுமார் 67 லட்சம் ஏக்கரை விட்டு வந்தார்கள். கிழக்கில் இருந்து வெளியேறிய முஸ்லிம்கள் விட்டுச் சென்றது சுமார் 47 லட்சம் ஏக்கர். பற்றாக்குறையைச் சமாளிக்க அரசு ஒரு திட்டம் வகுத்தது. அங்கே எவ்வளவு நிலம் வைத்திருந்தீர்களோ அதற்கேற்ப இங்கே தரப்படும். முதல் 10 ஏக்கருக்கு 25 விழுக்காடு வெட்டு, நிலம் கூடக்கூட வெட்டும் கூடும், 500 ஏக்கருக்கு மேல் 95 விழுக்காடு. இந்திய நிர்வாகத்தின் பெரும் சாதனைகளில் ஒன்றாக இதை இன்றும் கொண்டாடுகிறார்கள். பெரும் பண்ணையாரிடம் அதிகம் பிடித்தம், சிறு விவசாயியிடம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நிலமே வைத்திருக்காதவருக்கு எவ்வளவு?

நிலம் ஏன் இல்லாமல் போனது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. பிரிட்டிஷார் 1900இல் கொண்டுவந்த பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், வேளாண் குடிகள் என்று சில சாதிகளைப் பட்டியலிட்டது. வேளாண் நிலத்தின் கைமாற்றத்தை அந்தப் பட்டியலுக்குள் அடைத்தது. லேவாதேவிக்காரர்களிடம் இருந்து உழவர்களைக் காப்பாற்றுவதற்கான சட்டம் என்றார்கள். வயலில் வேலை செய்த சமார்களும் சூஹ்ராக்களும் அந்தப் பட்டியலில் இல்லை. காலமெல்லாம் உழுதாலும் அவர்கள் வேளாண் குடி ஆகவில்லை. 1947இல் அவர்கள் கூலி வேலையையும் குடிசையையும் விட்டு எல்லை தாண்டினார்கள். இங்கே வந்ததும் அதிகாரி கேட்ட முதல் கேள்வி: அங்கே உனக்கு எத்தனை ஏக்கர்?

ஆக, சாதி செய்த பழைய அநியாயம் அகதிகள் மறுவாழ்வுத் திட்டத்தின் அளவுகோல் ஆகிவிட்டது. முஸ்லிம்கள் போய்விட்டார்கள், நிலம் காலியாக இருந்தது, உழத் தெரிந்த நிலமற்ற மக்கள் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மறுபங்கீடு செய்ய அதைவிட நல்ல தருணம் வரலாற்றில் அமையாது. இந்திய மாநிலங்களிலேயே பட்டியல் சாதி மக்கள் அதிக விகிதத்தில் வாழ்வது பஞ்சாபில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 32 விழுக்காடு. அங்கே அவர்கள் கையில் இருக்கும் நிலம் மிகச் சொற்பம். இன்றும் ஊர்ப் பொது நிலத்தில் தங்களுக்குச் சட்டப்படி உள்ள மூன்றில் ஒரு பங்கைக் குத்தகைக்கு எடுக்கவே போராட வேண்டியிருக்கிறது. இதற்கு ஜின்னாவைக் குற்றம் சொல்ல முடியுமா?

மண்டல் யாருடைய ஆள்?

ஜோகேந்திரநாத் மண்டலின் பெயரைச் சில ஆண்டுகளாக அடிக்கடி கேட்கிறோம். வங்காளத்தின் பாரிசால் பகுதியில் 1904இல் நாமசூத்திரக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணலின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பை வங்காளத்தில் கட்டியவர். 1946இல் பம்பாயில் இருந்து அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைய வழி இல்லாமல் அடைபட்ட அண்ணலை வங்காளத்தில் இருந்து தேர்வு செய்து அனுப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைவராக இருந்தார். அந்நாட்டின் முதல் சட்ட அமைச்சரும் அவரே. 1950 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் எழுதிவிட்டு கல்கத்தா வந்து சேர்ந்தார்.

சங்கப் பரிவாரம் சொல்லும் நீதி இதுதான்: முஸ்லிமோடு கைகோத்த தலித்தின் கதி இதுதான், எனவே ஜெய் பீம் ஜெய் மீம் என்று கிளம்பாதீர்கள்.

அந்தப் பதவி விலகல் கடிதத்தை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். கிழக்கு வங்காளத்தில் நாமசூத்திர ஊர்கள் தாக்கப்பட்டதையும், காவல்துறையே அதில் ஈடுபட்டதையும், 1950 பிப்ரவரியில் டாக்காவிலும் பாரிசாலிலும் நடந்த படுகொலைகளையும் அவர் இடம் சுட்டி எழுதுகிறார். இவை நடந்தவை. தலித்–முஸ்லிம் ஒற்றுமையை விரும்பும் நாமும் இதைக் கூச்சமில்லாமல் சொல்லத்தான் வேண்டும். கொல்லப்பட்டவர்களில் நம் மக்கள் இருந்தார்கள். கொன்றது முஸ்லிம் கும்பல்கள். அரசு அவர்கள் பக்கம் நின்றது. ஒற்றுமைக்காக இதை மறைத்தால், மறைத்ததை வெளியே எடுத்துக் காட்டும் வேலை மட்டும் இந்துத்துவத்துக்கு மிஞ்சும். அதை அவர்கள் ஆனந்தமாகச் செய்வார்கள்.

ஆனால் அதே கடிதத்தில், தான் ஏன் லீக்கோடு போனேன் என்பதையும் மண்டல் சொல்கிறார். வங்காளத்தில் முஸ்லிம்களும் பட்டியல் சாதியினரும் பெரும்பாலும் உழவர்கள், கூலிகள், மீனவர்கள். இரு தரப்பும் கல்வியில் பின்தங்கியவர்கள், பொருளாதார நலன் ஒன்று. மதத்தைப் பார்த்துப் போடப்பட்ட கணக்கு அல்ல இது. அவர்களுக்கு மேலே நின்ற ஜமீன்தார் யார், வட்டிக்காரர் யார், அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர் யார் என்று பார்த்துப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தோற்றது. தோற்ற கணக்கு என்பதால் அதைப் போட வைத்த காரணம் பொய்யாகிவிடாது.

இன்னொன்றையும் கேளுங்கள். வங்காளத்தைப் பிரிக்கச் சொன்னது யார்? 1947 ஜூன் 20 அன்று வங்காளச் சட்டமன்றத்தின் இரு பகுதியினரும் தனித்தனியே வாக்களித்தார்கள். முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களின் உறுப்பினர்கள் 106க்கு 35 என்று பிரிவினையை எதிர்த்தார்கள். இந்துப் பெரும்பான்மை மாவட்டங்களின் உறுப்பினர்கள் 58க்கு 21 என்று பிரிவினை வேண்டும் என்றார்கள். அந்தப் பிரச்சாரத்தின் முன்வரிசையில் நின்றவர் இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி, பின்னாளில் ஜனசங்கத்தை நிறுவியவர். வங்காளக் காங்கிரசும் கூட நின்றது. முஸ்லிம் பெரும்பான்மை மாகாணத்தில் ஆட்சி இனித் தங்கள் கைக்கு வராது என்று உணர்ந்த உயர்சாதி பத்ரலோக், மாகாணத்தைப் பாதியாக வெட்டியாவது தன் பாதியைத் தக்கவைத்துக்கொள்ள முடிவு செய்தது. மண்டல் அந்தப் பிரிவினையை எதிர்த்தார். நாமசூத்திரர்கள் அதிகம் வாழ்ந்த கிழக்கு மாவட்டங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே போயின. அண்ணல் வங்காளத்தில் இருந்து பெற்ற அரசியல் நிர்ணய சபை இடமும் பறிபோனது.

பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளில் 106க்கு 35 என்றும் 58க்கு 21 என்றும் எந்தப் பதாகையிலாவது எழுதி வைப்பார்களா?

இந்தியா வந்த மண்டலுக்கு என்ன நடந்தது என்பதையும் அந்த வாட்ஸப் செய்திகள் சொல்வதில்லை. 1968இல் இறக்கும்வரை 18 ஆண்டுகள் மேற்கு வங்காளத்தில் அகதிகளோடு வாழ்ந்தார். தேர்தல்களில் நின்றார், ஒருமுறைகூட வெல்லவில்லை. பாகிஸ்தானில் அவர் இந்து, இந்தியாவில் அவர் பாகிஸ்தான்காரர். இன்று அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுபவர்களின் முன்னோர், அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கவில்லை.

புலிகளின் தீவு

மண்டலுக்குப் பின்னால் எல்லை தாண்டி வந்த நாமசூத்திர அகதிகளின் கதையில் இடதுசாரிகளுக்கும் பங்கு இருக்கிறது. முன்னரே வந்துவிட்ட உயர்சாதி அகதிகள் கல்கத்தாவைச் சுற்றிக் காலனிகள் அமைத்துக் குடியேறினார்கள். பின்னால் வந்த நாமசூத்திரர்களில் பெரும்பகுதியினரை அரசு வங்காளத்துக்கு வெளியே அனுப்பியது. 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின் கீழ் ஒரிசாவின் கோராபுட், களஹாண்டி, மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் எனத் தண்ணீர் இல்லாத மேட்டு நிலங்களில் இறக்கிவிட்டது. ஆற்றோடும் படகோடும் வாழ்ந்த மக்கள் அவர்கள். இறக்கிவிடப்பட்ட காடு ஆதிவாசிகளுடையது. ஒடுக்கப்பட்டவரின் நிலத்தில் ஒடுக்கப்பட்டவரைக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு மறுவாழ்வு என்று பெயர் வைத்தார்கள்.

எதிர்க்கட்சியாக இருந்தவரை, இவர்களை வங்காளத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று இடதுசாரிகள் பேசினார்கள். 1977இல் ஆட்சிக்கு வந்தார்கள். அந்த நம்பிக்கையில் 1978இல் அகதிகள் கிளம்பி வந்தார்கள். சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் சுமார் 30,000 பேர் குடியேறி, தாங்களே பள்ளி கட்டினார்கள், மீன்பிடித் தொழில் தொடங்கினார்கள். அது பாதுகாக்கப்பட்ட காடு என்றது ஜோதி பாசுவின் அரசு. 1979 ஜனவரியில் காவல்துறைப் படகுகள் தீவைச் சுற்றி வளைத்தன. உணவும் குடிநீரும் தடுக்கப்பட்டன. ஜனவரி 31இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகள் கொளுத்தப்பட்டு மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசு சொன்ன எண்ணிக்கை ஒரு கை விரலில் அடங்கும். உயிர் பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள். இன்றுவரை முறையான விசாரணை இல்லை.

மரிச்ஜாப்பியில் ஜின்னா இல்லை, மவுண்ட்பேட்டன் இல்லை, முஸ்லிம் லீக் இல்லை. எந்த நாட்டுக்கு வந்தால் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டதோ அந்த நாட்டின் காவல்துறைதான் இருந்தது.

இரண்டு பக்கமும் தப்பு என்பது பதில் அல்ல

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆக இரண்டு பக்கமும் தப்புதான் என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும். அதையும் நான் ஏற்கவில்லை. எல்லோர் மீதும் தப்பு என்பதற்கும் யார் மீதும் தப்பில்லை என்பதற்கும் நடைமுறையில் வேறுபாடு கிடையாது. கீழ்வெண்மணியில் இரு தரப்பு மோதல் என்றார்கள். கொடியன்குளத்திலும் அப்படித்தான் எழுதினார்கள். இரு தரப்பு என்ற சொல்லின் சூது நமக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிய வேண்டியதில்லை.

குற்றம் சாட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் துல்லியமாகச் சாட்டச் சொல்கிறேன். துப்புரவுத் தொழிலாளரைப் பிடித்து வைத்த குற்றம் லியாகத் அலி கானின் அரசுடையது. முகாமில் சோறு மறுத்த குற்றம் இந்திய முகாம் அதிகாரிகளுடையது. நிலமற்றவருக்கு நிலம் மறுத்தது கிழக்கு பஞ்சாப் அரசு. வங்காளத்தைத் துண்டாடும் பிரச்சாரத்தை நடத்தியவர்கள் இந்து மகாசபையும் வங்காளக் காங்கிரசும். 1950 படுகொலைகளைத் தடுக்காமல் நின்றது கிழக்கு வங்காள அரசு. மரிச்ஜாப்பிக்கு இடது முன்னணி அரசு பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு அரசாணையோ, ஒரு அதிகாரியோ, ஒரு தேதியோ இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான் என்ற இரண்டு பெரிய பெயர்களுக்குள் இவற்றைப் போட்டு மூடினால், தண்டனை பெற வேண்டியவர் தேசபக்தராக வெளியே வந்துவிடுவார்.

இன்றைக்கு என்ன?

பழைய கதை இது, முடிந்துபோனது என்பவர்களுக்கு. பாகிஸ்தானில் இன்றும் துப்புரவுப் பணிக்கான விளம்பரங்களில் முஸ்லிம் அல்லாதோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்ற வரி வருவது உண்டு. அந்த வேலையைச் செய்வோரில் பெரும்பகுதி பஞ்சாபிக் கிறிஸ்தவர்கள், ஒரு நூற்றாண்டுக்கு முன் மதம் மாறிய சூஹ்ரா மக்களின் வழிவந்தவர்கள். 2009இல் ஆசியா பீபி என்ற பண்ணைக் கூலிப் பெண் மீது மதநிந்தனை வழக்குப் பாய்ந்த கதை உலகம் அறிந்தது. சண்டை தொடங்கியது எதில் தெரியுமா? அவர் தொட்ட பாத்திரத்துத் தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று உடன் வேலை செய்த பெண்கள் சொன்னதில். 2018இல் உச்ச நீதிமன்றம் விடுவிக்கும்வரை மரண தண்டனைக் கைதியாகவே இருந்தார். உலகம் அதை மதப் பிரச்சினை என்று எழுதியது. தண்ணீரைத் தொட்டால் தீட்டு என்ற பிரச்சினைக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தியாவில்? 1957இல் ஜம்முவில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, பஞ்சாபில் இருந்து வால்மீகிக் குடும்பங்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பட்டப்படிப்பு படித்தாலும் மாநில அரசில் துப்புரவு வேலை மட்டுமே கிடைக்கும் என்ற நிலை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2019இல் 370ஐ நீக்கியபோது, இவர்களுக்காகத்தான் நீக்கினோம் என்றது பாஜக. சரி, அந்த அநியாயம் நீங்கியது நல்லது. 370 இல்லாத மற்ற மாநிலங்களில் சாக்கடைக்குள் இறங்குவது யார்? சாக்கடை மரணங்களில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் நம் தமிழ்நாட்டில் எந்தச் சிறப்புச் சட்டம் அவர்களை இறக்கியது?

பாகிஸ்தான் இந்துக்களுக்குத் தாயகம் என்று 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2023 மே மாதம் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே பாகிஸ்தானில் இருந்து வந்த இந்துக் குடும்பங்களின் வீடுகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. பெரும்பாலும் பீல் மக்கள். அப்போது அங்கே காங்கிரஸ் ஆட்சி. தாயகத்தில் கால் வைக்க இடம் கேட்டால் ஆக்கிரமிப்பு.

அதே சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களை, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அயல் நாடுகளும் பங்கு பிரித்தன. 9,75,000 பேரில் உனக்கு 3,00,000, எனக்கு 5,25,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது போல எண்ணினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கராச்சியில் போகாதே என்றார்கள், கண்டியில் போய்விடு என்றார்கள். இரண்டு இடத்திலும் அவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசியாகத் தண்ணீர். பஹல்காம் படுகொலைக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. பாகிஸ்தானுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று தொலைக்காட்சியில் கர்ஜித்தார்கள். அப்பாவிகளைச் சுட்டுக் கொன்றவர்களையும் அவர்களை ஏவியவர்களையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் சிந்து நதியின் வாய்க்கால்களில் கடைமடை எங்கே இருக்கிறது? சிந்து மாகாணத்தில். அங்கே நிலப்பிரபுவிடம் கடனுக்குக் கட்டுண்டு உழைக்கும் ஹாரிகளில் பெரும் எண்ணிக்கையினர் கோலி, பீல், மேக்வார் மக்கள், அதாவது பாகிஸ்தானின் தலித் இந்துக்கள். அதே ஏப்ரலில், மேலே பஞ்சாபில் புதுக் கால்வாய் வெட்டினால் எங்களுக்குத் தண்ணீர் வராது என்று சிந்து மக்கள் தங்கள் அரசை எதிர்த்தே சாலையில் அமர்ந்திருந்தார்கள். வறட்சி வந்தால் ராவல்பிண்டித் தளபதியின் வீட்டுக் குழாய் வற்றாது. கடைமடைக்காரருக்குத்தான் வற்றும். காவிரிக் கடைமடையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்துக்களைக் காக்கப் போர் முழக்கம் செய்கிறவர்கள் முதலில் தாகத்தில் தள்ள நினைப்பது இந்துக்களைத்தான். அந்த இந்துக்கள் அவர்கள் கணக்கில் வருவதில்லை, அவ்வளவே.

அடுத்த முறை எல்லையில் குண்டு வெடிக்கும்போது, நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி உங்கள் கைப்பேசிக்கு வரும். பதில் சொல்லத் தயங்கினால் தேசத்துரோகி என்பார்கள், அந்தப் பக்கத்தில் காஃபிர் என்பார்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்குக் கிடையாது. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தடுத்து வைக்கப்பட்டது யார்? துரத்தப்பட்டது யார்? நிலம் யாருக்குப் போனது? கழிப்பறையைக் கழுவ யாரை விட்டுவைத்தார்கள்? இந்தக் கேள்விகளோடு இரு பக்கத்துக் குற்றப்பத்திரிகைகளையும் எடுத்துப் படியுங்கள். இரு பக்கமும் கைகுலுக்கிக்கொண்டு தாண்டிப்போகும் பக்கங்கள் தெரியும். நம் மக்களின் வரலாறு அந்தப் பக்கங்களில் இருக்கிறது.